நுவார் படத்தில் டீகி பாணியைப் பார்ப்பது எப்படி?

நுவார் என்றால் இருளும் குற்றமும் நிறைந்த பழைய ஹாலிவுட் படவகை. டீகி என்றால் பசிபிக் தீவுகளை நினைவூட்டும் உணவக, மதுக்கூட அலங்காரப் பாணி. ஃபிரிட்ஸ் லாங் 1953இல் எடுத்த ‘தி ப்ளூ கார்டேனியா’வில் தொடங்குங்கள். என்னைக் கேட்டால் இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

முதல் தடவை கதைக்காக முழுசாகப் பாருங்கள். அப்புறம் உணவகக் காட்சிக்கு மட்டும் திரும்பி வாருங்கள். தென்கடல் தீவு அலங்காரத்தைப் பார்த்து மயங்கி நின்றுவிடாமல், கதாநாயகி நோராவின் கோப்பையைக் கவனியுங்கள். காதலன் கைவிட்ட துக்கத்தில் வந்தவளுக்கு ஹாரி என்பவன் ‘பாலினேசியன் பேர்ல் டைவர்’ என்ற மதுபானத்தை மேலும் மேலும் ஊற்றிக் கொடுக்கிறான். பாடகர் நாட் கிங் கோல் பியானோவில் உருகுகிறார். மறுநாள் ஹாரி பிணம். அவளுக்கோ நடந்தது நினைவில்லை.

அடுத்து, காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். அங்கே பூ விற்கும் பார்வையற்ற பெண்ணின் மனதில் தங்குவது, நோராவின் டஃபெட்டா என்ற மொடமொடப்பான துணியில் தைத்த உடையின் சரசரப்பு. அலங்காரம் முழுக்கக் கண்ணுக்காக. சாட்சியமோ காதில் விழுந்த ஒலி! லாங்கின் இந்த யோசனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இந்த உலகம் வெறும் செட் அல்ல. 1930களிலேயே ஹாலிவுட்டில் ‘டான் தி பீச்காம்பர்’ என்ற டீகி பாணி மதுக்கூடம் இருந்தது. பேர்ல் டைவர் அங்கே பரிமாறிய பானம்தான். சரி, அடுத்து 1954இல் வந்த ‘ஹெல்ஸ் ஹாஃப் ஏக்கர்’ என்ற நுவார் படத்தைப் பாருங்கள். அதன் கதை ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலுவிலேயே நடக்கிறது.