வாய்க்கால் கரை நடை: புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறுகள்

ஆகஸ்ட் பாதியில் பவானிசாகர் அணையிலிருந்து கீழ்பவானி வாய்க்காலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டால், கோபி, பெருந்துறைப் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் வாய்க்கால் கரையில் புது முகங்கள் தென்படும். கோவையிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் நடப்பதற்கென்றே வருகிறார்கள். நல்ல விஷயம், இன்னும் நிறையப் பேர் வர வேண்டும். ஆனால் புதிதில் நாங்கள் செய்த அதே தவறுகளை அவர்களும் செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. தொப்பி, தண்ணீர் பாட்டில் எல்லாம் அவரவருக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

தண்ணீர் வருகிறதா என்று கேட்காமல் கிளம்புவது

கீழ்பவானியில் முதல் போகத்துக்கு வழக்கமாக ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை தண்ணீர் ஓடும். ஜனவரிக்கு மேல் புன்செய்க்கு முறை வைத்து விடுவார்கள், சில நாள் ஓடும், சில நாள் நிற்கும். மே மாதம் போனால் காய்ந்த தரையைத்தான் பார்க்கலாம். தடப்பள்ளி, அரக்கன்கோட்டை, காலிங்கராயன் ஆகியவை பழைய பாசன வாய்க்கால்கள், அவற்றுக்குத் திறப்பு தனி. கிளம்புவதற்கு முதல் நாளே அந்த ஊர் ஆள் யாரிடமாவது "வாய்க்கால்ல தண்ணி வருதுங்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

ரோட்டுக் கணக்கில் தூரம் போடுவது

வாய்க்கால் மேடு பள்ளம் ஏறி இறங்காது. ஒரே மட்டத்தை ஒட்டி வளைந்து வளைந்துதான் போகும். 13ஆம் நூற்றாண்டில் வெட்டிய காலிங்கராயன் வாய்க்காலையே எடுத்துக்கொள்ளுங்கள். பவானியில் தொடங்கிக் கொடுமுடிப் பக்கம் நொய்யலைச் சேரும்வரை சுமார் 90 கிலோமீட்டர். நேர்கோட்டில் அளந்தால் அதில் ஏறத்தாழ பாதிதான். எதிரே தெரிகிற கோயில் கோபுரம் பக்கம்தான் என்று நம்பிப் போனால், அரை மணி நேரம் கழித்தும் அது எதிரேதான் நிற்கும்.

அப்புறம், எந்தக் கரை என்பதையும் பாருங்கள். கீழ்பவானியில் பல இடங்களில் சரிவின் கீழ்ப்பக்கம்தான் மண் கொட்டி உயர்த்திய கரை, வண்டிப்பாதையும் அதன்மேல்தான். மேல்பக்கத்தில் கரையே இருக்காது, கிளுவை வேலியும் சீமைக்கருவேலும்தான். அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டால் அடுத்த பாலம் வரும்வரை திரும்ப வழியில்லை. அப்போதுதான் சிலருக்குக் குறுக்கே இறங்கிக் கடக்கிற யோசனை வருகிறது.

"கால் மட்டும் நனைச்சுக்கிறேன்"

எனக்கு இன்றுவரை எரிச்சலாக இருப்பது இதுதான். இதற்கு உயிரையே விலையாகக் கொடுத்தவர்கள் உண்டு.

வாய்க்கால் பார்வைக்குச் சாதுவாக இருக்கும். அலை இல்லை, பாறை இல்லை, சத்தம்கூட இல்லை. ஆனால் கீழ்பவானி தலைப்பில் முழு அளவில் திறந்தால் 2,300 கன அடி, அதாவது ஒரு விநாடிக்கு ஏறத்தாழ 65 ஆயிரம் லிட்டர். ஒரு வேப்பங்குச்சியைப் போட்டுவிட்டுக் கரையில் நடந்து பாருங்கள், கூடவே வரும். அந்த வேகத்தில் வருகிற தண்ணீர் இடுப்பைத் தொட்டால் ஆளை நிற்க விடாது.

இரண்டாவது, வாய்க்காலின் வடிவம். பக்கங்கள் சரிவாக இறங்கும். தண்ணீர் ஏறி இறங்குகிற அந்த முழ உயரத்தில், கான்கிரீட் போட்ட இடங்களில் அதன் மேல் கரும்பச்சைப் பாசி வழவழவென்று படிந்திருக்கும். முதல் கால் வைத்ததும் வழுக்கும், இரண்டாவது கால் ஆழத்தில் இருக்கும். பிடிக்க ஒரு வேர்கூட அகப்படாது.

"எனக்கு நீச்சல் தெரியும்" என்பார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தோட்டத்துக் கிணற்றில் சுரைப்புருடை (காய்ந்த சுரைக்குடுக்கை) கட்டி நீச்சல் பழகியவர்கள். கிணற்றுத் தண்ணீர் நின்ற தண்ணீர், இறங்கிய படி இறங்கிய இடத்திலேயே இருக்கும். வாய்க்காலில் நீங்கள் தலையைத் தூக்குவதற்குள் படித்துறை பின்னால் போயிருக்கும். எதிர்த்து நீந்திப் படியைப் பிடிக்கப் பார்த்துத்தான் மூச்சு முட்டிப்போகிறார்கள்.

கோபி பக்கம் தடப்பள்ளிக் கரையில் ஒரு முறை கல்லூரிப் பையன்கள் சிலர். ஒருவன் கால் கழுவக் குனிந்ததில் செருப்பு நழுவிவிட்டது. அதை எடுக்க அவன் இறங்க, மற்றவர்கள் கை கோத்துக்கொண்டு பின்னாலேயே இறங்கினார்கள். ஒருவன் வழுக்கினால் அத்தனை பேரும் போக வேண்டியதுதான். மேலே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆத்தா ஒருவர் கத்தினார்: "கண்ணு, செருப்பு போனாப் போகுது சாமி, மேல வாங்க!" நல்லவேளையாகக் கேட்டார்கள். முழங்கால்வரை நனைந்து, உதடு வெளுத்து ஏறி வந்தார்கள். அந்தச் செருப்பு கண்ணெதிரே மிதந்து மதகைத் தாண்டிப் போனது.

கால் நனைக்க ஆசையா, ஊர்க்காரர்கள் துணி துவைக்கிற படித்துறையில் உட்கார்ந்து மேல்படியில் நனையுங்கள். மதகு, ஷட்டர், தண்ணீர் பாலத்தடியில் நுழைகிற இடம் இவற்றின் பக்கமே வேண்டாம், அங்கே இழுப்பு அதிகம். யாராவது விழுந்துவிட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். வேட்டி, துப்பட்டா, நீளக் கொம்பு எதையாவது நீட்டுங்கள், கரையில் படுத்துக்கொண்டு நீட்டுங்கள், இல்லாவிட்டால் உங்களையும் இழுத்துவிடும். விழுந்தவர் மல்லாந்து, தண்ணீர் போகிற திசையில் கால் முன்னால் இருக்கும்படி மிதந்து, சாய்வாக ஓரத்துக்கு ஒதுங்க வேண்டும். கூடவே 112க்கு ஒருவர் அழைக்கட்டும்.

காதில் ஹெட்போன்

வேண்டாம். பின்னால் வருகிற டிவிஎஸ் எக்ஸெல் ஹாரன் கேட்காது.

தோட்டத்துக்குள் குறுக்கு வழி

கேட்டால் பெரும்பாலும் "போங்க" என்பார்கள். கேட்காமல் நுழைந்தால் நாய் கேட்கும். மஞ்சள் காட்டில் பாத்திக் கரையை மிதித்துவிடாதீர்கள், கரை உடைந்தால் தண்ணீர் பாய்ச்சுகிறவருக்கு அன்றைய வேலை இரட்டிப்பாகும்.

மதகைத் தொடுவது

தொடவே கூடாது. அது யாரோ ஒருவரின் முறைத் தண்ணீர்.

இருட்டும்வரை நடப்பது

பொழுது சாய்ந்ததும் கரைப் புல்லில் பாம்பு நடமாட்டம் இருக்கும், கரையில் விளக்கும் கிடையாது. ஐந்து மணிக்கு எந்தப் பாலத்தில் இருக்கிறீர்களோ அங்கேயே கரையை விட்டு இறங்கி, பஸ் வருகிற ரோட்டைக் கேட்டுப் போய்ச் சேருங்கள்.