கிட் காருக்கு கம்மி விலையில ஹெட்லைட்: ஐவிஏ டெஸ்ட்ல மாட்டிக்காம வாங்குறது எப்படி

இங்கிலாந்துல வீட்டு கராஜ்ல செவன் டைப் கிட் கார் (லோட்டஸ் செவன் மாதிரி, பாகங்களா வாங்கி நாமளே சேத்து கட்டுற காரு) கட்டிட்டு இருக்கிற நம்ம ஆளுங்களுக்காக எழுதுறேன். இன்ஜின் மாதிரி பாகம் எடுக்கிற பழைய காரு (டோனர்) மஸ்டா எம்எக்ஸ்-5ஓ ஃபோர்டு சியராவோ எதுவா இருந்தாலும் சரி, ஹெட்லைட் விஷயத்துல கதை ஒண்ணுதான். சேஸி, இன்ஜின், பிரேக்னு எல்லாத்துக்கும் மாசக்கணக்குல யோசிச்சிட்டு ஹெட்லைட்ட மட்டும் கடைசியில "எது சீப்பா கிடைக்குதோ அது போதும்"னு ஆன்லைன்ல ஆர்டர் போட்டுடுவோம், அப்புறம் ஐவிஏ (இப்படி கட்டின காரு ரோட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி பாஸ் ஆக வேண்டிய அரசாங்க டெஸ்ட்) இன்ஸ்பெக்டர் டார்ச் அடிச்சு கண்ணாடிய படிக்கும்போதுதான் வயித்த கலக்கும்.

சீப்பா வாங்கலாம், அதுல தப்பே இல்ல. விலைய பாக்குறதுக்கு முன்னாடி கண்ணாடில என்ன எழுதியிருக்குனு பாருங்க, அவ்ளோதான்.

ஸ்டெப் 1: சைஸ முடிவு பண்ணுங்க

என் ஓட்டு 7 இன்ச் ரவுண்ட் எச்4 (H4, ஒரே பல்புல டிப்பும் மெயினும்) லைட்டுக்குத்தான். பழைய மினி, லேண்ட் ரோவர் டிஃபெண்டர் எல்லாத்துலயும் இருந்தது இதே சைஸ். அதனால வைபேக், லூகாஸ், ஹெல்லான்னு பிராண்டுக்கும் பஞ்சமில்ல, கண்ணாடி உடைஞ்சாலும் மறுநாளே வேற வாங்கிடலாம். ஐந்தே முக்கால் இன்ச் லைட் பாக்க அழகா இருக்கும், மூக்கு சின்னதா இருக்கிற காருக்கு செட் ஆகும், ஆனா பட்ஜெட்ல சாய்ஸ் கம்மி. பைக் ஹெட்லைட் பக்கமே போகாதீங்க. நிறைய பைக் லைட்டோட டிப் பீம் (லோ பீம்) ஒரே மட்டமா அடிக்கும், காருக்கு வேணுங்கிற மாதிரி நடைபாதை பக்கம் மட்டும் வெளிச்சம் மேல ஏறுறது அதுல இருக்காது.

வாங்கும்போது பார்க் லைட் பல்புக்கு ஓட்டை இருக்கிற ரிஃப்ளெக்டரா பாத்து வாங்குங்க. முன்னாடி சைடு லைட் தனியா வாங்கி மாட்டுற செலவு, வேலை ரெண்டும் மிச்சம்.

ஸ்டெப் 2: கண்ணாடிய படிங்க (இதுதான் மெயின் மேட்டர்)

லென்ஸ்ல ஒரு வட்டம், அதுக்குள்ள இங்கிலீஷ் ஈ (E) எழுத்து, பக்கத்துல ஒரு நம்பர் இருக்கணும். அந்த நம்பர் அப்ரூவல் கொடுத்த நாடு. 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 3 இத்தாலி, 4 நெதர்லாந்து, 11 பிரிட்டன். எந்த நாடா இருந்தாலும் பரவாயில்ல, 11 தான் வேணும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

அதுக்கு பக்கத்துல எழுத்துங்க இருக்கும். எச்சிஆர்னு (HCR) இருந்தா ஹாலஜன், டிப், மெயின் (ஹை பீம்) ரெண்டும் அதுலயே இருக்கு. வெறும் எச்சின்னா (HC) டிப் மட்டும், எச்ஆர்னா (HR) மெயின் மட்டும். நடுவுல ஒரு சாய்கோடு போட்டு எச்சி/ஆர்னு (HC/R) இருந்தா டிப்பும் மெயினும் ஒரே நேரத்துல எரியக்கூடாத மாதிரி டிசைன் பண்ணதுன்னு அர்த்தம், ரெண்டையும் சேத்து எரியுற மாதிரி வயரிங் பண்ணிடாதீங்க.

இப்ப அம்புக்குறி. இத நிறைய பேரு பாக்குறதே இல்ல. லைட்டுக்கு எதிர்ல நின்னு கண்ணாடிய பாத்தா ஈ மார்க்குக்கு கீழ ஒரு படுக்கை அம்பு உங்க வலது கை பக்கம் காட்டணும். அது காரோட இடது பக்கம், அதாவது இங்க நடைபாதை இருக்கிற பக்கம். அம்பு ரெண்டு முனையிலயும் இருந்தா ரெண்டு வகை ரோட்டுக்கும் ஓகே. அம்பே இல்லனா அது பிரான்ஸ், ஜெர்மனி மாதிரி வலது பக்கம் ஓட்டுற ஊருக்கு செஞ்சது. இங்க மாட்டினா டிப்ல போகும்போதே எதிர்ல வர்றவன் கண்ண நேரா குத்தும், டெஸ்ட்லயும் ஃபெயில்தான். ஐரோப்பால இருந்து வர்ற சீப் லைட்ல நிறைய இந்த கேஸ்தான்.

இன்னொன்னு, ஜீப்புக்குன்னு வித்துட்டு இருக்கிற 7 இன்ச் எல்இடி ஜோடி. அதுல டிஓடி (DOT), எஸ்ஏஇன்னு (SAE) மட்டும் போட்டிருந்தா அது அமெரிக்கா ஸ்டாண்டர்டு, விட்டுடுங்க. விளம்பர போட்டோல லென்ஸ் மார்க் தெரியலனா விக்கிறவர்கிட்ட க்ளோஸ்-அப் கேளுங்க, மழுப்பினா வேற கடை பாருங்க.

கிட் கார் ஷோ, ஆட்டோஜம்பிள் (பழைய கார் பாகம் விக்கிற சந்தை)னு போறவங்க கையில ஒரு சின்ன 12 வோல்ட் பேட்டரியும் ரெண்டு வயரும் எடுத்துட்டு போங்க. டிப்ப போட்டு பக்கத்துல இருக்கிற சுவத்துலயோ வேன் மேலயோ அடிச்சு பாருங்க. வெளிச்சத்தோட மேல் கோடு நேரா வந்து இடது பக்கம் மேல ஏறணும். வலது பக்கம் ஏறினா பேரம் பேச வேண்டாம், கீழ வச்சிட்டு நகந்துடுங்க.

ஸ்டெப் 3: வாங்குறதுக்கு முன்னாடி டேப்ப எடுங்க

எனக்கு மண்டை காய்ஞ்ச இடம் இதுதான், அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன்.

டிப் பீம் லைட்டுக்கு நாலு அளவு. கீழ் விளிம்பு தரையில இருந்து 500 மிமீக்கு குறையக்கூடாது, மேல் விளிம்பு 1200 மிமீ தாண்டக்கூடாது, வெளி விளிம்பு காரோட அகலமான பக்கத்துல இருந்து 400 மிமீக்குள்ள இருக்கணும், ரெண்டு லைட்டுக்கும் நடுவுல உள் விளிம்புல இருந்து உள் விளிம்புக்கு குறைஞ்சது 600 மிமீ இருக்கணும். எல்லாமே வெளிச்சம் வர்ற கண்ணாடிய வச்சுதான், குரோம் ரிங்க கணக்குல எடுக்காதீங்க.

செவன் மாதிரி காருல மூக்கு ஒல்லி, பின்னாடி விங் (மட்கார்டு) அகலம். என் காரு மொத்த அகலம் 1640, அதாவது காரோட நடுக்கோட்டுல இருந்து 820. கிட்டோட வந்த பிராக்கெட்ல லைட் சென்டர் அதே நடுக்கோட்டுல இருந்து 340ல உக்காருது. கண்ணாடி 160 மிமீனு வச்சுக்கிட்டா வெளி விளிம்பு 420, பக்கத்துல இருந்து சரியா 400, அப்பாடான்னு இருந்துச்சு. உள் விளிம்ப பாத்தா 260, ரெண்டு பக்கமும் சேத்து 520 தான். 80 மிமீ குறையுது! ஒவ்வொரு லைட்டையும் 40 மிமீ வெளிய தள்ளினா சென்டர் 380, உள்ள 600, வெளிய 460, பக்கத்துல இருந்து 360. ரெண்டு கணக்கும் பாஸ்.

ஆனா வெளிய தள்ளினதும் அடுத்த தலைவலி. முன் வீல் மேல இருக்கிற சைக்கிள் விங் (சைக்கிள் மட்கார்டு மாதிரி இருக்கும்) வீலோட சேந்து திரும்புது இல்லையா, ஸ்டியரிங்க ஃபுல் லாக் ஒடிச்சா விங்கோட முன் விளிம்பு லைட் பௌல ஒரசுது. பிராக்கெட்ட கொஞ்சம் மேலயும் முன்னாடியும் நகத்தி ஒரு விரல் உள்ள போற அளவுக்கு கேப் விட்டேன். ஜாக்கில தூக்கி வச்சு மட்டும் செக் பண்ணா பத்தாது, வீல் தரையில இருக்கும்போது சஸ்பென்ஷன அமுக்கி, ரெண்டு பக்கமும் ஃபுல்லா திருப்பி பாருங்க.

சொந்தமா பிராக்கெட் செய்றவங்க கூர் முனைய விட்டுடாதீங்க. வெளிய தொடுற மாதிரி இருக்கிற விளிம்புக்கெல்லாம் குறைஞ்சது 2.5 மிமீ வளைவு வேணும். போல்ட் தலைக்கு பிளாஸ்டிக் கேப் சில்லறை காசுதான். கண் இமை மாதிரி குரோம் பீக் மாட்ட ஆசைப்படுறவங்க, அது கண்ணாடிய விட்டு 30 மிமீக்கு மேல நீட்டாம பாத்துக்கோங்க.

ஸ்டெப் 4: வயரிங்

லைட்ல மிச்சம் பிடிச்ச காச இங்க போடுங்க. டிப்புக்கு ஒண்ணு மெயினுக்கு ஒண்ணுனு ரெண்டு ரிலே (சின்ன கரண்ட்ட வச்சு பெரிய கரண்ட்ட ஆன் பண்ற ஸ்விட்ச்), தனித்தனி ஃப்யூஸ். மெயின்ல ரெண்டு 60 வாட் பல்பு சேந்து 10 ஆம்ப் இழுக்கும், அத்தனையும் பழைய டோனர் ஸ்விட்ச் வழியா ஓடினா ஸ்விட்ச் சூடாகும், வெளிச்சமும் மங்கும். பழைய பிரிட்டிஷ் கலர்படி நீலம்-வெள்ளை மெயின், நீலம்-சிவப்பு டிப், கருப்பு எர்த், அதையே ஃபாலோ பண்ணா பின்னாடி குழப்பம் இல்ல. டாஷ்ல மெயின் பீமுக்கு நீல விளக்கு கட்டாயம்.

ஸ்டெப் 5: எய்ம்

சமதரையில சுவத்துக்கு 5 மீட்டர் தள்ளி நிறுத்தி, லைட் சென்டர் உயரத்த சுவத்துல டேப்பால குறிச்சுக்கோங்க. சென்டர் 850 மிமீக்கு கீழ இருந்தா டிப் கோடு 0.5லிருந்து 2 சதவீதம் வரைக்கும் கீழ இறங்கியிருக்கணும். நான் 1.3ல வச்சேன், 5 மீட்டர்ல அது ஆறரை சென்டிமீட்டர். சீட்ல ஆளு இல்லாம எய்ம் பண்ணாதீங்க, இவ்ளோ லேசான காருல ஒரு ஆளு ஏறினாலே பின்னாடி அமுங்கி மூக்கு தூக்கிடும். ஆளு இல்லனா உங்க எடைக்கு சிமெண்ட் மூட்டைய உக்கார வைங்க.

அப்டேட்: கேட்டவங்களுக்கு

"ஹாலஜன் லைட்ல எல்இடி பல்ப போட்டா போதாதா?" போதாது. அந்த ரிஃப்ளெக்டர் ஃபிலமெண்ட் இருக்கிற இடத்துக்குன்னு கணக்கு பண்ணி செஞ்சது, வேற வெளிச்சத்த வச்சா கோடு கலைஞ்சு கண்ணு கூசும். எல்இடிதான் வேணும்னா ஈ மார்க்கும் அம்பும் இருக்கிற முழு எல்இடி யூனிட்டா வாங்குங்க, ஆனா அது பட்ஜெட் கதை இல்ல. 100/90 வாட் ராலி பல்பும் ரோட்டுக்கு ஆகாது, 60/55 தான்.

"ஊர்ல அம்பாசடர் லைட் சல்லிசா கிடைக்குதே, வர்றப்ப கொண்டு வரட்டா?" சைஸ் அதே 7 இன்ச், அங்கயும் இடது பக்கம்தான் ஓட்டுறோம், அதனால பீம் சரியாதான் இருக்கும். ஆனா கண்ணாடில ஈ மார்க்கும் அம்பும் இருக்கானு கடைலயே பாருங்க. இல்லனா பெட்டில அந்த இடத்துல முறுக்கு கொண்டு வாங்க.

"ஒரு லைட் மட்டும் மங்கலா எரியுது, மெயின் போட்டா டிப்பும் லேசா மினுக்குது." எர்த் பாருங்க. ஃபைபர் பாடில எர்த் கிடையாது, பவுடர் கோட் அடிச்ச பிராக்கெட்டும் அப்படித்தான். ஒவ்வொரு லைட்டுக்கும் கருப்பு வயர தனியா சேஸிக்கு இழுத்து, அந்த இடத்துல பெயிண்ட்ட சுரண்டி பளபளன்னு இரும்பு தெரிஞ்சப்புறம் போல்ட் போட்டு மேல கிரீஸ் தடவுங்க.