ஈரத் தெருவை ஆயிலில் வரையும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை விட்ட கையோடு ரங்கூன் பன்சோடான் தெருவில் ஓவியர்கள் படம் தாங்கும் ஈசல் சட்டத்தை விரித்துவிடுகிறார்கள். உயர்நீதிமன்றத்தின் செங்கல் சிவப்பு, நனைந்த தார்ச்சாலையில் அது கலங்கித் தெரிவது, குடைகள் என்று கைக்கு வேலை கொடுக்கும் காட்சிதான். கெடுவது மட்டும் எப்போதும் ஒரே மாதிரி.

எண்ணெயை ஊற்றுவது

டியூப் பெயிண்டிலேயே தேவையான எண்ணெய் இருக்கிறது. பிரஷ் வழுக்கி ஓடட்டும் என்று அதில் இன்னும் ஆளிவிதை எண்ணெயைக் குழைப்பார்கள். அன்றைக்குப் பளபளக்கும். மறுநாள் பார்த்தால் பிரஷ் மயிர் கிழித்த வரப்புகள் எல்லாம் சரிந்து தட்டையாகியிருக்கும்.

ஆயில் பெயிண்ட் தண்ணீர் வற்றிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது. எண்ணெய் மிகுந்த தடித்த பூச்சில் மேலே முதலில் ஆடை படியும், அடியில் ஈரம் நிற்கும். அந்த ஆடை ஆக்சிஜனை வாங்கி உப்பும்; விரிய இடமில்லாமல் பாலாடைபோலச் சுருங்கிவிடும். நாளடைவில் வெள்ளையும் மஞ்சளிக்கும். சுரண்டி எடுப்பதைத் தவிர மருந்தில்லை. டைட்டானியம் வெள்ளை விற்கிற விலையில் அரை டியூப் குப்பைக்குப் போவதைப் பார்க்க எரிச்சலாகத்தான் வருகிறது.

செய்ய வேண்டியது நேர்மாறு. வெள்ளையைப் பழுப்புத் தாளில் பிதுக்கி அரைமணி விடுங்கள். தாளில் எண்ணெய் வட்டம் பரவும், பெயிண்ட் கெட்டிச் சட்னிப் பதத்துக்கு வரும். இரவு முழுக்க விட்டால் பிடிமானம் போய், காய்ந்தபின் உதிரும். அடிப்பூச்சை டர்பன்டைனில் கரைத்து மெல்லியதாகப் போடுங்கள். கனமெல்லாம் கடைசியில், வெளிச்சம் விழும் இடத்தில் மட்டும்.

போட்ட தடத்தை நீவுவது

தட்டையான பன்றிமயிர் பிரஷை ஒரே முறை வைத்து எடுத்துவிட வேண்டும். மூன்றாவது முறை போனால் அடியிலுள்ள நீலம் மேலேறிச் சேறாகும். ஒவ்வொரு தடத்துக்கும் பிரஷைத் துணியில் துடையுங்கள். நடமாடும் ஆளுக்கு ஒரு தடம் போதும். பிரெஞ்சு ஓவியர் மோனே பாரிஸ் தெருவொன்றை வரைந்த ‘பூல்வார் தே கபுசீன்’ படத்தில் கூட்டமே அப்படித்தான். நாக்கால் நக்கிய கறுப்புத் தடங்கள் என்று 1874-இல் ஒரு விமர்சகர் அதைக் கேலி செய்தார். லுங்கி மடிப்பை எண்ணத் தொடங்கினால் ஆள் சிலையாகிவிடுவான்.

கறுப்பு டியூப்

வீட்டிலேயே இருக்கட்டும். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியென்னா செம்பழுப்பும் கலந்தால் கறுப்புக்குப் போதும்.

தரையில் அதே பொன்

பக்கத்திலுள்ள புத்தக் கோயிலான சூலே பகோடாவின் பொன் ஈரத்தரையில் ஒரு படி மங்கித்தான் விழும். செங்குத்தாக இழுத்துவிட்டு, மேலே இரண்டு கிடைத் தடம்.

சுவரைப் பார்க்கச் சாய்த்து வைப்பது

இருட்டில் காய்ந்தால் ஆயில் மஞ்சளிக்கும். திருப்பி வையுங்கள்.