உங்கள் போனில் இருக்கும் அடுத்தவர் நம்பருக்கு யார் பொறுப்பு?

முதல் வேலையாக ஃபேஸ்புக் செட்டிங்ஸுக்குள் போய் 'ஆப்ஸ் அண்ட் வெப்சைட்ஸ்' என்பதைத் திறந்து பாருங்கள். எந்த நடிகர் மாதிரி இருக்கிறீர்கள் என்று எப்போதோ விளையாட்டாகத் தட்டிய குவிஸ் எல்லாம் இன்னும் அங்கேயே இருக்கலாம். வேண்டாததை நீக்கிவிடுங்கள். ஏற்கெனவே எடுத்துக்கொண்டு போனது திரும்பி வராது, இனிமேல் எடுப்பதுதான் நிற்கும்.

தேர்தல் பிரச்சாரத்துக்கு ஃபேஸ்புக் விவரங்களைப் பயன்படுத்தியதாகச் சிக்கிய பிரிட்டிஷ் கம்பெனி கேம்பிரிட்ஜ் அனலிட்டிகாவின் விவகாரமும் இப்படி ஒரு குவிஸ் ஆப்பில்தான் ஆரம்பித்தது. உலகம் முழுக்க அந்த ஆப்பைப் போட்டவர்கள் ஏறக்குறைய 3 லட்சம் பேர்தான், ஆனால் அன்றைக்கு இருந்த விதிப்படி அவர்களுடைய நண்பர்களின் விவரத்தையும் உருவ முடிந்ததால் 8.7 கோடி பேர் வரை மாட்டினார்கள். இந்தியாவில் ஆப்பைப் போட்டவர்கள் 335 பேர், பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று ஃபேஸ்புக்கே சொன்னது 5.62 லட்சம் பேர். 2018ல் விஷயம் வெளியே வந்தது, அடுத்த வருஷமே அமெரிக்காவில் ஃபேஸ்புக்குக்கு 500 கோடி டாலர் அபராதம். எனக்கு அந்த அபராதத்தைவிட 335தான் உறுத்துகிறது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்கிற மாதிரி, நம்முடையதாக இல்லாத ஒன்றுக்கு நாம் சம்மதம் கொடுத்துவிடுகிறோம்.

லோன் ஆப்பிலும் இதே கதைதான். ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போகிற பையன் அவசரத்துக்கு ஒன்றை இறக்கி, காண்டாக்ட்ஸ் கேட்டதும் 'அலோ' தட்டிவிட்டால், தவணை தவறுகிற அன்று பாலக்கோட்டில் இருக்கும் மாமாவுக்கு மிரட்டல் போன் வருகிறது. கடன் ஆப்கள் காண்டாக்ட் லிஸ்டைத் தொடவே கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022லேயே சொல்லிவிட்டது. அதனால் கேட்கிற ஆப்பை அந்த இடத்திலேயே தூக்கிவிடுங்கள். மற்ற ஆப்களுக்கு, போன் செட்டிங்ஸில் 'பெர்மிஷன் மேனேஜர்' போய் காண்டாக்ட்ஸைத் தட்டினால் யார் யார் பார்க்கிறார்கள் என்று தெரியும்.

சரி, நாமே நம்பர் சேர்க்கிறவர்களாக இருந்தால்? மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி பக்கம் தோப்புக்காரர்கள், மண்டிக்காரர்கள், வண்டி டிரைவர்கள் எல்லாரையும் ஒரே வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுகிறார்கள். ஒருத்தர் நம்பர் எல்லாருக்கும் தெரிகிறது, அதில் பெண்கள் இருந்தால் ராத்திரி 11 மணிக்குத் தேவையில்லாத மெசேஜ் வருகிறது. விலை மட்டும் சொல்வதற்குக் குரூப் எதற்கு? பிராட்காஸ்ட் லிஸ்ட் போதும், ஒருவர் நம்பர் இன்னொருவருக்குத் தெரியாது (உங்கள் நம்பரை அவர்கள் சேவ் செய்திருந்தால்தான் மெசேஜ் போய்ச் சேரும், அதையும் சொல்லிவிடுங்கள்). சேர்க்கும்போதே, "அண்ணா, விலை நிலவரம் அனுப்ப மட்டும் குறித்துக்கொள்கிறேன், வேண்டாமென்றால் சொல்லுங்கள், அழித்துவிடுகிறேன்" என்று கேளுங்கள். 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதைத்தான் கேட்கிறது: எதற்கு என்று சொல், சம்மதம் வாங்கு, திரும்பப் பெற்றால் நிறுத்து. 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும், டியூஷன் சென்டர் நடத்துகிறவர்கள் இதைக் கவனியுங்கள். அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். வீட்டுக்காக வைத்திருக்கும் சொந்தக்காரர் நம்பருக்கு இந்தச் சட்டம் வராது, ஆனாலும் கேட்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள்.

யாராவது உங்கள் போட்டோவையோ நம்பரையோ வைத்து மிரட்டினால், பயத்தில் மெசேஜை அழித்துவிடாதீர்கள். முதலில் ஸ்கிரீன்ஷாட், அப்புறம் சைபர் கிரைம் உதவி எண்ணான 1930க்குப் போன், இல்லையென்றால் தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகார். காசு போயிருந்தால் ஒரு நிமிஷம்கூடத் தள்ளிப்போடாமல் 1930க்கு அடியுங்கள்.