ஹவுஸ் ஒபிசர்மாருக்கு ஆர்ட் தெரபி: எங்க எங்க பிழைக்குது எண்டு பாப்பம்

ஹவுஸ் ஒபிசர்மார், அதாவது எம்பிபிஎஸ் முடிச்சிட்டு ஹொஸ்பிட்டல்ல இன்டர்ன்ஷிப் செய்ற டொக்டர் பிள்ளைகள், களைச்சு விழுந்து போயிருக்கிறாங்க, இவங்களுக்கு ஏதாவது செய்வம் எண்டு யாராவது யோசிச்சா வழக்கமா மூண்டு ஐடியா தான் வரும், ஒண்டு யோகா, ஒண்டு ட்ரிப், மற்றது இந்த ஆர்ட் தெரபி. யோகாவையும் ட்ரிப்பையும் பத்தி எனக்குச் சொல்ல பெரிசா ஒண்டும் இல்ல. ஆனா ஆர்ட் தெரபி எண்டு பேர் வச்சு கொழும்புல நான் பாத்த சில கூத்துகளை நினைச்சா, ஒரு நல்ல சாமானை எத்தின விதமா கெடுக்கலாம் எண்டு தான் தோணுது. நான் ஆர்ட் தெரபிஸ்ட் இல்ல. இன்டர்ன்ஷிப் முடிச்ச ஒரு மெடிக்கல் ஒபிசர், ஜூனியர் ஆக்களுக்கு இப்பிடி செஷன் வைக்கேக்க கூட நிண்டு உதவி செய்றனான், அவ்வளவு தான்.

முதல் பிழை பேர்லயே இருக்கு. ஆளுக்கு ஒரு கலரிங் புக்கும் ஒரு பெட்டி கலர் பென்சிலும் குடுத்திட்டு “ஆர்ட் தெரபி செஷன்” எண்டு பேனர் அடிக்கிறது. ஆர்ட் தெரபி எண்ட பேரை 1942ல வச்சவர் ஏட்ரியன் ஹில் எண்ட ஆங்கிலேய ஓவியர், அவர் டிபி வந்து சனடோரியத்துல கிடக்கேக்க படம் கீறி, பக்கத்துக் கட்டில் ஆக்களையும் கீற வச்சவர். அதுக்குப் பிறகு அது ஒரு தொழிலா வளந்திட்டு, பிரிட்டன்ல இண்டைக்கு முறையாப் படிச்சு ரெஜிஸ்டர் பண்ணாம ஒராள் தன்னை ஆர்ட் தெரபிஸ்ட் எண்டு சொல்லிக்கொள்ள ஏலாது, சட்டப்படி. கீறுற ஆள், அவர் கீறின படம், பக்கத்துல பயிற்சி எடுத்த தெரபிஸ்ட், இந்த மூண்டும் சேந்தா தான் அது தெரபி. தெரபிஸ்ட் இல்லாட்டி அது சும்மா கீறுற நேரம். சும்மா கீறுறதும் நல்லது தான், அதை நான் குறைச்சுச் சொல்லேல்ல. 2005ல வந்த ஒரு ஆய்வுல, பதற்றமா இருந்த ஸ்டூடன்ட்ஸ் மண்டலா மாதிரி கோலங்களுக்குக் கலர் அடிக்க, வெறும் பேப்பர் கிடைச்ச ஆக்களை விட அவங்கட பதற்றம் கூடக் குறைஞ்சிருக்கு. 2016ல அமெரிக்காவுல ட்ரெக்சல் யுனிவர்சிட்டி ஆக்கள் 39 பேரை 45 நிமிஷம் இஷ்டத்துக்கு ஏதாவது செய்ய விட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் எச்சில் எடுத்து கோர்ட்டிசோல் எண்ட ஸ்ட்ரெஸ் ஹோர்மோனைப் பாத்தாங்க, கிட்டத்தட்ட 75 சதவீதமான ஆக்களுக்குக் குறைஞ்சிருந்தது, கீறத் தெரிஞ்சவர் தெரியாதவர் எண்ட வித்தியாசமும் பெரிசா இல்ல. ஆனா அதுல ஒப்பிட்டுப் பாக்க வேற குரூப் இல்ல, அதோட அவங்க சுகமா இருந்த ஆக்கள், இரவிரவா கேசுவல்டி பாத்திட்டு விடிய வோர்ட் ரவுண்டுக்கு நிக்கிற ஹவுஸ் ஒபிசர்மார் இல்ல. அதனால “சயன்ஸ் ப்ரூவ் பண்ணீட்டுது” எண்டு போஸ்டர்ல போடாதீங்க.

இதோட சேத்து இன்னொண்டு, ஸ்ட்ரெஸ்ஸையும் பர்ன்அவுட்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்புறது. டபிள்யூஎச்ஓ, அதான் உலக சுகாதார நிறுவனம், தன்ர ஐசிடி-11 எண்ட நோய்ப் பட்டியல்ல பர்ன்அவுட்டைப் போட்டிருக்கு, ஆனா நோய் எண்டு இல்ல, வேலையால வாற ஒரு நிலைமை எண்டு தான். மூண்டு விஷயம் சொல்லுது: உடம்பும் மனசும் வத்திப் போறது, வேலையில வெறுப்பும் விலகலும் வாறது, நான் ஒண்டுக்கும் உதவாதவன் எண்ட எண்ணம் வாறது. ஹவுஸ் ஒபிசருக்கு இந்த ரெண்டாவது எப்பிடித் தெரியும் எண்டா, நோயாளிட மகள் வந்து “டொக்டர், அம்மாக்கு இப்ப எப்பிடி” எண்டு மூண்டாம் தரம் கேக்கேக்க பாவம் எண்டு வாறதுக்குப் பதிலா சுள்ளெண்டு எரிச்சல் வரும், பிறகு அந்த எரிச்சலை நினைச்சு வெக்கம் வரும். கலரிங் புக் ஒரு பின்னேரத்து டென்ஷனைக் குறைக்கும். இந்த வெறுப்பையும் வெக்கத்தையும் அது தொடாது, அதுக்கு யாரோடயாவது இருந்து கதைக்க வேணும்.

இனி தான் பெரிய பிழை, இதைக் கொஞ்சம் விளக்கமாச் சொல்லுறன். எங்கட ஆக்கள் சின்னனில இருந்தே மார்க்ஸ்ல வளந்தவங்க. ஸ்கொலர்ஷிப், ஓ.எல், ஏ.எல் இசட் ஸ்கோர், பிறகு எம்பிபிஎஸ்ல பெட்ச் ரேங்க், அந்த மெரிட் லிஸ்ட்ல எத்தினாவது எண்டதை வச்சுத் தான் இன்டர்ன்ஷிப்புக்கு எந்த ஹொஸ்பிட்டல் எந்த யூனிட் எண்டதே கிடைக்குது. இப்பிடிப்பட்ட ஒராளிட கையில பென்சிலைக் குடுத்தா அவர் முதல்ல பாக்கிறது பக்கத்துல இருக்கிறவர்ட பேப்பரை. “எனக்குக் கீற வராது டொக்டர்” எண்டு ரெண்டு பேர் சொல்லுவாங்க, ஒராள் ஸ்கூல்ல ஆர்ட் படிச்சவரா இருப்பார், அவர்ட படத்தைச் சுத்தி எல்லாரும் நிண்டு “அடேயப்பா, சரியான வடிவு” எண்டுவாங்க, அதோட மற்ற ஆக்கள் பேப்பரைக் கவிட்டு வச்சிடுவாங்க. பிழை சொல்லுறது எவ்வளவு கெட்டதோ, புகழுறதும் அவ்வளவு கெட்டது தான், ரெண்டும் மார்க்ஸ் தான். வடிவா இருக்கு எண்டு சொல்லாம “இதப் பத்திக் கொஞ்சம் சொல்லுவீங்களா”, “எங்க இருந்து தொடங்கினீங்க”, “இந்தப் பக்கத்தை ஏன் வெறுமையா விட்டீங்க” எண்டு கேட்டுப் பாருங்க. பதில் சொல்ல விருப்பம் இல்லாட்டி விடுங்க.

கொழும்புல ஒரு ஹொஸ்பிட்டல்ல, பேர் வேண்டாம், கொன்ஃபரன்ஸ் ரூம்ல ஒரு செஷன் நடந்தது. ஒரு தங்கச்சி, மெடிக்கல் வோர்ட்ல ரெண்டாவது அப்பொயின்ட்மென்ட், கரித்துண்டால ஒரு கொரிடோர் கீறினவ. ரெண்டு பக்கமும் கட்டில், கட்டிலுக்கு இடையில நிலத்துல பாய், கடைசியில ஒரு கதவு, எல்லாம் கறுப்பா, விரலால தேச்சுத் தேச்சு. நல்லா ஊறிப்போய் இருந்து கீறினவ, நெத்தியிலயும் கரி. அந்த நேரம் பாத்து ஒரு கன்சல்டன்ட் சேர், ஸ்பெஷலிஸ்ட் டொக்டர், எட்டிப் பாத்தவர், நல்ல மனுசன், பகிடியாத் தான் சொன்னவர், “ஆ, என்ன இது, டிப்ரெஸ்டா?” எண்டு. எல்லாரும் சிரிச்சாங்க, அவவும் சிரிச்சவ. அஞ்சு நிமிஷத்துல ரூம் முழுக்க என்ன இருந்தது தெரியுமா, சூரியன் மறையிற கடற்கரை, தென்னை மரம், பூச்சாடி. அவவும் அந்தப் பேப்பரைச் சுருட்டி பேக்குக்குள்ள வச்சிட்டு ஒரு பூ கீறினவ. அண்டைக்கு அந்த செஷன் அங்கயே முடிஞ்சுது, பிறகு இருந்த ஒரு மணித்தியாலம் சும்மா.

இன்டர்ன்ஷிப் ஒரு வருஷம், ஆறு ஆறு மாசமா ரெண்டு அப்பொயின்ட்மென்ட், ஒழுங்கா முடிச்சிட்டார் எண்டு கன்சல்டன்ட் சைன் வைக்க வேணும், அதுக்குப் பிறகு தான் மெடிக்கல் கவுன்சில்ல முழு ரெஜிஸ்ட்ரேஷன். அந்த சைன் வைக்கிற ஆள் ரூமுக்குள்ள இருக்கேக்க எவர் உண்மையைக் கீறுவார்? கன்சல்டன்ட், ரெஜிஸ்ட்ரார், சீனியர் ரெஜிஸ்ட்ரார் எல்லாருக்கும் களைப்பு இருக்கு, நான் இல்லையெண்டு சொல்லேல்ல, அவங்களுக்கு வேற நாள் வேற செஷன் வையுங்க. நடத்துற ஆளும் அந்த யூனிட் ஆளா இருக்கக் கூடாது.

அந்த சேர் செய்தது உண்மையில இன்னொரு பிழையும் கூட, படத்தைப் பாத்து டயக்னோசிஸ் போடுறது. டொக்டர்மாருக்கு இது ஒரு வியாதி, நடந்து போற ஆளிட நடையைப் பாத்தே ஸ்பொட் டயக்னோசிஸ் சொல்லப் பழகின ஆக்கள் தானே. கறுப்பெண்டா டிப்ரெஷன், சிவப்பெண்டா கோவம், வீட்டுக்குக் கதவு இல்லாட்டி தனிமை, மரத்துல பொந்து இருந்தா சின்ன வயசுக் காயம். யூடியூப் வீடியோக்களுக்கு இது சரி. கறுப்பு ஏன் எண்டு கேட்டா அந்த நேரம் கைக்குப் பக்கத்துல கிடந்தது கறுப்பு எண்டு பதில் வரலாம். படத்துக்கு என்ன கருத்து எண்டு சொல்லுற உரிமை கீறினவருக்குத் தான், தெரபிஸ்ட்டும் கூட அவரைக் கேட்டுத் தான் போவார்.

யேல் யுனிவர்சிட்டியில மெடிக்கல் ஸ்டூடன்ட்ஸை மியூசியத்துக்குக் கூட்டிப் போய் பெயின்டிங் பாக்க வச்சதையும் சிலர் இதுக்குள்ள இழுப்பாங்க. அது கூர்ந்து கவனிக்கப் பழக்கிறதுக்கு வச்ச கிளாஸ், அதுல பிள்ளைகள் கெட்டிக்காரர் ஆனது உண்மை, ஆனா அது களைப்புக்கு மருந்து எண்டு கொண்டு வந்தது இல்ல. அதே மாதிரி தான் எங்கட கலா பொலவும், 1993ல இருந்து கொழும்பு கிரீன் பாத் பக்கம் ரோட்டு ஓரமெல்லாம் படம் வச்சு விக்கிற நாள், கட்டாயம் போங்க, நல்லா இருக்கும். தெரபி எண்டு மட்டும் சொல்லாதீங்க.

சாமான் விஷயத்துல ஒருத்தரும் கவனம் எடுக்கிறது இல்ல. காசு கிடைச்சா உடன புறக்கோட்டைக்குப் போய் வோட்டர் கலரும் பெரிய பெரிய ஷீட்டும் வாங்கி வந்திடுவாங்க. வோட்டர் கலர் தண்ணியோட ஓடும், நீங்க நினைச்ச இடத்துல நிக்காது. நாள் முழுக்க பொட்டாசியம் ஏறுது, பிரஷர் இறங்குது, பிளட் பேங்க்ல ரத்தம் இல்ல எண்டு ஒண்டும் கைக்குள்ள நிக்காம அலைஞ்ச ஆளுக்கு பின்னேரமும் கைக்குள்ள நிக்காத ஒண்டைக் குடுத்தா என்ன நடக்கும்? ஒண்டு எரிச்சல், இல்லாட்டி கண்ணீர். இது என்ர கண்டுபிடிப்பு இல்ல, 1978லயே கேகினும் லூஸ்பிரிங்கும் எண்டு ரெண்டு பேர் எழுதி வச்சது, ஓடுற சாமான் உணர்ச்சியைக் கிளப்பும், பென்சில், மார்க்கர் மாதிரி இறுக்கமான சாமான் ஆளுக்குக் கட்டுப்பாட்டைக் குடுக்கும் எண்டு. அதனால முதல் நாள் பென்சில், பேஸ்டல், கிழிச்சு ஒட்டுற கொலாஜ். சாதாரண அட்லஸ் பெட்டி போதும். பேப்பர் ஏ4ல பாதி, பெரிய வெள்ளைப் பேப்பரைப் பாத்தாலே எக்ஸாம் ஹோல் ஞாபகம் வருது எண்டு ஒராள் சொன்னவர். பழைய வீரகேசரி, தினக்குரலைக் கிழிச்சு ஒட்டச் சொன்னா கீற வராது எண்டு சொன்னவரும் கத்தரிக்கோலைத் தேடுவார்.

களிமண்ணை நான் கொஞ்சம் கூடவே விரும்புவன். கிளவ்ஸ் போட்டு, கழட்டி, சானிடைசர் பூசி, திருப்பிக் கழுவி, விரல் நுனியெல்லாம் வெடிச்ச கைக்கு ஈரக் களிமண் ஒரு சுகம், ஒராள் ஒண்டுமே செய்யாம முக்கால் மணித்தியாலம் உருட்டி உருட்டி நசுக்கிக் கொண்டிருந்தவர், அதுவும் சரி தான். ஆனா தண்ணிக் குழாய் பக்கத்துல இல்லாத ரூம்ல களிமண் வேண்டாம், பிறகு மைனர் ஸ்டாஃப் அக்கா துடைச்சுத் துடைச்சு ஏசுவா, ஏசுறது நியாயம்.

அடுத்தது ஆபத்தான பிழை. “உங்கட மனசை உடைச்ச ஒரு மரணத்தைக் கீறுங்க” எண்டு தொடங்கிறது. கேக்க ஆழமா இருக்கும். முதல் மரணம், அதுவும் ஒரு பிள்ளையின்ர மரணம் எண்டா, அது ஒவ்வொருத்தருக்குள்ளயும் பூட்டி வச்சபடி தான் இருக்கு, அதைத் திறந்து விட்டிட்டு நாலு மணிக்கு “சரி, தேங்க்யூ, வடை எடுங்கோ” எண்டு சொல்லி வோர்ட்டுக்கு அனுப்ப ஏலுமே? ஒரு கெட்ட சம்பவத்துக்குப் பிறகு எல்லாரையும் இருத்தி ஒரே ஒருக்கா கட்டாயமா கதைக்க வைக்கிற டிபிரீஃபிங், பிறகு வாற பிடிஎஸ்டியை, அந்த அதிர்ச்சி மனசை விட்டுப் போகாம வாற வருத்தத்தை, தடுக்கேல்ல எண்டு ஆய்வுகளைச் சேத்துப் பாத்தவங்க சொல்லி எவ்வளவோ காலம் ஆச்சு, சிலருக்குக் கூடாமலும் போகலாம். பயிற்சி எடுத்த ஆள் இல்லாம, அடுத்த கிழமையும் வருவம் எண்ட உறுதி இல்லாம, அந்தப் பக்கம் போகாதீங்க. “இண்டைக்கு ஒன் கோல் ரூம்” (கூப்பிட்டா ஓட ரெடியா இரவு டியூட்டியில தங்குற ரூம்), “வீட்ட போற வழி”, “பசி”, இப்பிடிச் சின்னத் தலைப்பு குடுங்க, கீறுறவர் தானா எங்க போகணுமோ அங்க போவார். கடைசி பதினைஞ்சு நிமிஷம் கட்டாயம் விடுங்க, கை கழுவ, தண்ணி குடிக்க, சும்மா கதைக்க.

மொழி. இதைக் கொழும்புல இருக்கிற ஆக்கள் தான் சொல்ல வேணும். எங்கட தமிழ் பிள்ளைகள் நோயாளியோட சிங்களம், ரவுண்ட்ல இங்கிலீஷ், நோயாளிட டிக்கெட்ல குறிப்பு எழுதுறது இங்கிலீஷ், அம்மாவோட ஃபோன்ல ரெண்டு நிமிஷம் மட்டும் தமிழ் எண்டு இருக்கிறாங்க. படத்துக்கு மொழி இல்ல எண்டது கீறும் வரைக்கும் தான், கீறின பிறகு அதைப் பத்திக் கதைக்கிறது இங்கிலீஷ்ல எண்டா கேஸ் பிரசன்டேஷன் மாதிரி ஆயிடும், “திஸ் இஸ் அ டார்க் கொரிடோர்” எண்டு. அவரவர் தன்ர மொழியில கதைக்கட்டும், விளங்காதவருக்குப் பக்கத்துல இருக்கிறவர் சொல்லுவார். யாழ்ப்பாணத்தில இருந்து வந்து வெள்ளவத்தையில ரூம் எடுத்து இருக்கிற தம்பி ஒராள் தமிழில வாயைத் திறந்ததும் நிப்பாட்டவே இல்ல.

போட்டோ எடுக்காதீங்க. குரூப்ல போடாதீங்க, ஹொஸ்பிட்டல் ஃபேஸ்புக் பேஜ்ல போடாதீங்க, முடிவில எக்ஸிபிஷன் வைக்கிறம் எண்டு சொல்லவே சொல்லாதீங்க. படத்துல கட்டில் நம்பரோ நோயாளிட முகமோ இருந்தா அது நோயாளியின்ர ரகசியமும் தான். படம் கீறினவருக்குச் சொந்தம், கொண்டு போகலாம், கிழிக்கலாம்.

அதோட, எல்லாத்தையும் பர்ன்அவுட் எண்டு கடந்து போறதும் பிழை. லீவு எடுத்து ரெண்டு நாள் நித்திரை கொண்ட பிறகும் ஒண்டிலயும் விருப்பம் இல்ல, சாப்பாடு இறங்கேல்ல, விடியப்புறம் மூண்டு மணிக்கு முழிப்பு வருது, செத்தாப் பரவாயில்ல எண்டு நினைப்பு வருது எண்டா அது பேஸ்டல் பெட்டிக்கு உரிய விஷயம் இல்ல. சைக்கியாட்ரிஸ்ட்டைப் பாக்க வேணும். தன்ர ஹொஸ்பிட்டல்ல பாக்க வெக்கமா இருந்தா வேற இடத்துல பாக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தின்ர ஹெல்ப்லைன் 1926 இருக்கு, சிசிசி லைன் 1333 இருக்கு. நாங்க நோயாளிக்குச் சொல்லுற அதே நம்பர் தான், எங்களுக்கும் எடுபடும். செஷன் நடத்துற ஆள் இதைத் தொடக்கத்திலயே எல்லாருக்கும் பொதுவாச் சொல்லி வச்சா ஒராளைத் தனியா விரல் நீட்டின மாதிரி இருக்காது.

கடைசியா நேரம். ஒன் கோல் முடிஞ்ச பின்னேரத்துல, இல்லாட்டி மாசத்துல கிடைக்கிற ஒரே ஒரு ஃப்ரீ சனிக்கிழமையில “கட்டாயம் வர வேணும்” எண்டு லெட்டர் அடிச்சு வைக்கிற செஷன் இன்னொரு டியூட்டி, வேற ஒண்டும் இல்ல. 2017ல டொக்டர்மாரின்ர பர்ன்அவுட்டைக் குறைக்க செய்து பாத்த வழிகளை எல்லாம் சேத்துப் பாத்த ஒரு ஆய்வு வந்தது, ஆளை மட்டும் திருத்தப் பாக்கிற வழிகளை விட ரோஸ்டர், வேலைப்பளு மாதிரி வேலை செய்ற இடத்தைத் திருத்தின வழிகளுக்குத் தான் பலன் கூட. அதனால கேக்கிறதுண்டா இப்பிடிக் கேளுங்க: டியூட்டி நேரத்துக்குள்ள ரெண்டு மணித்தியாலம், அந்த நேரம் வோர்ட்டைப் பாக்க ஒராள், ஃபோன் அவர்ட கையில. கவர் பண்ண ஆள் இல்ல எண்டு பதில் வந்தா செஷனை விட்டிடுங்க, அந்த ரெண்டு மணித்தியாலம் பிள்ளைகள் போய்ப் படுக்கட்டும், பேஸ்டல் பெட்டி ஊசிப் போகாது.