'கூராங் மானிஸ்' போதாது, 'சி கோசோங்' கேளுங்கள்

மலேசியாவின் மாமாக் கடையில் (இந்திய முஸ்லிம் உணவகத்தில்) சீனியைக் குறைக்க நினைப்பவர்கள் 'தே தாரிக் கூராங் மானிஸ்', அதாவது இனிப்பு குறைந்த ஆற்றிய பால் தேநீர், என்பதற்குப் பதிலாக 'தே சி கோசோங்' என்று சொல்லுங்கள்.

தே தாரிக்கின் இனிப்பு கெட்டிப்பாலில் இருக்கிறது. அந்தப் பாலில் கிட்டத்தட்ட பாதி சீனிதான். குவளையின் அடியில் மஞ்சளாகத் தேங்கி நிற்குமே, அதுதான். 'கூராங் மானிஸ்' என்றால் எவ்வளவு குறையும் என்பது கலக்குபவரின் கைக்கணக்கு. 'சி' என்றால் கெட்டிப்பாலுக்குப் பதில் இனிப்பில்லாத டின் பால், 'கோசோங்' என்றால் சீனி வேண்டாம். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வெறும் 'தே சி' என்றால் சீனி போட்டுவிடுவார்கள். கசந்தால் சீனியைத் தனியாகக் கேட்டு அரைக் கரண்டி நாமே போட்டுக்கொள்ளலாம். ஒரு நாளைக்குச் சேர்க்கும் சீனி 25 கிராமுக்குள், அதாவது சுமார் 6 தேக்கரண்டிக்குள் இருப்பது நல்லது என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். காலையிலும் இரவிலும் தே குடிக்கும் நமக்கு இப்படி மாற்றிக் கேட்பது பெரிய வித்தியாசம்.

மைலோ என்ற சாக்லேட் மால்ட் பானத்துக்கும், பாலும் சீனியும் சேர்ந்தே வரும் 3 இன் 1 பொட்டலங்களுக்கும் இது முழுதாக உதவாது, மாவிலேயே சீனி கலந்திருக்கும். துரித உணவுக் கடையின் இயந்திரப் பானங்களும் அப்படித்தான். அங்கே செட் வாங்கும்போது குளிர்பானத்தை மினரல் வாட்டராக மாற்ற முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.