யுபிஎஸ்ஸைக் கணினியோடு இணைத்தல்: ஐகான் தெரிந்தால் மட்டும் போதாது

குமரி மாவட்டத்திற்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் உண்டு. இடையில் இடியோடு கொட்டும் கோடை மழையும் உண்டு. ரப்பர் மரக்கிளையோ தென்னை மட்டையோ மின்கம்பியில் விழுந்து, மின்சாரம் போய், இரண்டு நிமிடத்தில் வந்து, மறுபடியும் போவது இங்கே யாருக்கும் புதிதல்ல. அதனால் கணினி இருக்கும் இடங்களில் பெரும்பாலும் ஒரு யுபிஎஸ்ஸும் (மின்சாரம் போனால் பேட்டரியிலிருந்து கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) இருக்கிறது. ஆனால் அதோடு வந்த யுஎஸ்பி கேபிள், பல இடங்களில் பிரிக்கப்படாத பாலிதீன் உறையோடு அட்டைப்பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. மின்சாரம் போய்விட்டது என்பதையும் பேட்டரியில் எவ்வளவு மீதி இருக்கிறது என்பதையும் கணினிக்குச் சொல்வது அந்தக் கேபிள்தான். அது இல்லையென்றால், நீங்கள் சாப்பிடப் போயிருக்கும் நேரத்தில் யுபிஎஸ் கீச்சிட்டு ஓய்ந்து, திறந்திருந்த கோப்புகளோடு கணினியும் அணைந்துவிடும்.

யுபிஎஸ் கொடுப்பது சில நிமிடங்களைத்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டத்தின் பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை; அதற்கெல்லாம் யுபிஎஸ் தீர்வாகாது. 600 விஏ (யுபிஎஸ்ஸின் திறனளவு) யுபிஎஸ்களில் பொதுவாக இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று. பெருக்கினால் 84 வாட்-அவர் வரும். ஈய-அமில பேட்டரியிலிருந்து வேகமாக மின்சாரம் எடுக்கும்போது அதில் பாதிதான் கைக்குக் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 120 வாட் இழுக்கும் ஒரு கணினிக்குப் புதுப் பேட்டரியில் இருபது நிமிடம் கிடைத்தாலே நல்லது.

படி 1: பின்பக்கத்தைப் பாருங்கள்

விலை குறைந்த பல மாடல்களில் அந்தக் கேபிளைச் செருகும் தரவு முனையே இருக்காது. வாங்குவதற்கு முன்பு கடையில் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள். ஏபிசி (APC) நிறுவனத்தின் பல மாடல்களில் இந்த முனை லேன் கேபிள் செருகும் துளையைப் போலவே இருக்கும், ஆனால் உள்ளே எட்டுக்குப் பதிலாகப் பத்து ஊசிகள் இருக்கும். சாதாரண லேன் கேபிளும் அதில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும் என்பதுதான் சிக்கல்: உட்காரும், வேலை செய்யாது. இதற்கென்று தனிக் கேபிள் இருக்கிறது. 940-0127 என்ற எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். சில மாடல்களில் அதே வரிசையில் மின்னல் பாதுகாப்புக்கான லேன் துளைகளும் இருக்கும் என்பதால், அருகில் அச்சிடப்பட்டிருக்கும் எழுத்தைப் படித்துவிட்டுச் செருகுங்கள். மற்ற நிறுவனங்களின் யுபிஎஸ்களில் பெரும்பாலும் பிரிண்டர் கேபிள் செருகும் சதுர முனைதான் இருக்கும். அதற்குப் பிரிண்டர் கேபிளே போதும்.

படி 2: எதை எங்கே செருகுவது

கணினி, மானிட்டர், இணைய மோடம் மூன்றும் பேட்டரி ஆதரவு உள்ள சாக்கெட்டுகளில் இருக்கட்டும். லேசர் பிரிண்டரை அங்கே செருகவே கூடாது. அது சூடேறும் நேரத்தில் இழுக்கும் மின்சாரம் சிறிய யுபிஎஸ்ஸைத் திணறடித்துவிடும். புது யுபிஎஸ்ஸை ஓர் இரவு முழுக்கச் சார்ஜ் செய்துவிட்டு மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.

படி 3: கேபிளை இணைத்தல்

யுஎஸ்பி ஹப் வழியாக இணைக்காமல், கணினியின் பின்புறத் துளையில் நேரடியாகச் செருகுங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தனியாக மென்பொருள் எதையும் நிறுவாமலேயே, கடிகாரத்தின் அருகே மடிக்கணினியில் இருப்பதைப் போன்ற பேட்டரி ஐகான் தோன்ற வேண்டும். டிவைஸ் மேனேஜரில் பேட்டரீஸ் என்ற பிரிவின் கீழ் 'எச்ஐடி யுபிஎஸ் பேட்டரி' என்ற வரியும் இருக்க வேண்டும்.

ஐகான் வராவிட்டால் உங்கள் யுபிஎஸ் பழைய சீரியல் முறையில் பேசும் வகையாக இருக்கலாம். அப்போது விண்டோஸில் அந்த நிறுவனம் தரும் மென்பொருளை நிறுவிப் பார்க்க வேண்டும். ஐகான் வந்துவிட்டவர்களுக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து. கணினியை அணைக்கும் பொறுப்பை விண்டோஸிடமும் நிறுவன மென்பொருளிடமும் ஒரே நேரத்தில் கொடுத்தால், எது எப்போது அணைக்கும் என்பது குழப்பமாகிவிடும்.

படி 4: எந்த அளவில் அணைய வேண்டும்

பலரும் ஐகானைப் பார்த்ததும் நிறுத்திவிடுவார்கள், ஆனால் உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் சென்று, சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ், அதற்குள் சேஞ்ச் அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸ் என்று போனால், பட்டியலின் அடியில் பேட்டரி என்ற பிரிவு இருக்கும். அதில் கிரிட்டிக்கல் பேட்டரி லெவல் பொதுவாக 5 விழுக்காடு என்றே இருக்கும். மடிக்கணினியின் லித்தியம் பேட்டரியை நினைத்து வைக்கப்பட்ட அளவு அது. யுபிஎஸ்ஸில் இருக்கும் ஈய-அமில பேட்டரி ஓர் அளவு வரை நிதானமாக இறங்கி, அதன் பிறகு திடீரென்று சரியும். பேட்டரி பழசாகப் பழசாக அந்தச் சரிவு இன்னும் மேலே தொடங்கும். 5 விழுக்காடு வரும்வரை காத்திருக்கும் கணினி, அந்த எண்ணைப் பார்க்காமலேயே அணைந்துபோகலாம்.

உங்கள் யுபிஎஸ்ஸுக்கான எண்ணை நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். வழக்கமான வேலைகள் ஓடிக்கொண்டிருக்கும்போது, முக்கியமான கோப்புகளைச் சேமித்துவிட்டு, சுவர் சாக்கெட்டின் சுவிட்சை அணையுங்கள். பிளக்கை உருவ வேண்டாம். சுவிட்சை அணைத்தால் எர்த் இணைப்பு அப்படியே இருக்கும், பிளக்கை உருவினால் அதுவும் போய்விடும். நிமிடத்திற்கு ஒருமுறை விழுக்காட்டைத் தாளில் எழுதுங்கள். ஒரு நிமிடத்திற்கு இரண்டு மூன்று என இறங்கிக்கொண்டிருந்தது ஏழு எட்டு எனக் குதிக்கத் தொடங்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டுவிடுங்கள். முழுவதும் வடியவிடுவது பேட்டரிக்குக் கெடுதல். நீங்கள் குறித்த எண்ணுக்குப் பத்து விழுக்காடு மேலே கிரிட்டிக்கல் அளவை வையுங்கள். பெரும்பாலும் அது 40-க்கும் 50-க்கும் இடையில் வரும். லோ பேட்டரி லெவல் அதைவிடவும் உயரமாக இருக்கட்டும். ஐகான் காட்டும் 'இன்னும் இத்தனை நிமிடம்' என்ற கணக்கை நான் பொருட்படுத்துவதே இல்லை.

அடுத்தது கிரிட்டிக்கல் பேட்டரி ஆக்‌ஷன். இதில் ஹைபர்நேட்டைத் தேர்ந்தெடுங்கள். திறந்திருக்கும் அனைத்தையும் வட்டில் எழுதிவிட்டுக் கணினி அணையும். மின்சாரம் வந்து கணினியை இயக்கினால், பாதியில் நின்ற கணக்கு நின்ற இடத்திலேயே இருக்கும். ஸ்லீப் கூடாது, ஏனென்றால் அது நினைவகத்தை உயிரோடு வைத்திருக்க மின்சாரத்தைத் தொடர்ந்து கேட்கும். ஹைபர்நேட் பட்டியலிலேயே இல்லையென்றால், முதலில் கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, powercfg /hibernate on என்று கட்டளையிட்டு அதை இயக்கிவிட்டு வாருங்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். யுபிஎஸ் இணைந்த நொடியிலிருந்து விண்டோஸ் உங்கள் மேசைக்கணினியை மடிக்கணினி போலவே நடத்தும். மின்தடை வந்ததும் 'ஆன் பேட்டரி' விதிகள் நடைமுறைக்கு வந்து, சில நிமிடங்களில் திரை அணைந்து, கணினி உறங்கப் போய்விடும். யுபிஎஸ் பழுது என்று நினைத்து அதைக் கடைக்குத் தூக்கிச் செல்வதற்கு முன், ஸ்லீப் பிரிவில் ஆன் பேட்டரி என்பதை நெவர் என மாற்றிப் பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் சுவர் சுவிட்சை மறுபடி அணைத்து, கணினி தானாக ஹைபர்நேட் ஆகிறதா என்று ஒருமுறை பார்த்தே தீர வேண்டும்.

லினக்ஸ் வைத்திருப்போருக்கு

'நட்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸ் தொகுப்பையே நான் பரிந்துரைப்பேன். விண்டோஸ் கண்டுகொள்ளாத சீரியல் வகை யுபிஎஸ்கள் பலவற்றோடும் அதன் க்யூஎக்ஸ் டிரைவர் பேசும். நிறுவியதும் அது ஓடாது; முதன்மை அமைப்புக் கோப்பில் மோட் என்ற வரி 'நன்' என்றிருப்பதை 'ஸ்டாண்டலோன்' என மாற்ற வேண்டும். டிரைவருக்கு அனுமதி இல்லை என்ற பிழை வந்தால், அமைப்பைக் கிளறாமல், யுஎஸ்பி கேபிளை ஒருமுறை உருவிச் செருகுங்கள். புதிய அனுமதி விதிகள் அப்போதுதான் அந்தக் கருவிக்குப் பொருந்தும். நிலைக் குறியீட்டில் ஓஎல் என்றால் மின்சாரம் இருக்கிறது, ஓபி என்றால் பேட்டரியில் ஓடுகிறது, அதோடு எல்பியும் சேர்ந்தால் கணினி தானாக அணையத் தொடங்கும்.

பின்னர் சேர்த்தது

வீட்டில் இன்வெர்ட்டரும் வைத்திருக்கும் மார்த்தாண்டம் பகுதி வாசகர்கள் சிலர், மின்சாரம் போனாலும் ஐகான் மாறவே இல்லை என்று எழுதியிருந்தார்கள். யுபிஎஸ் இன்வெர்ட்டர் லைனில் செருகப்பட்டிருந்தால் அப்படித்தான் இருக்கும். இன்வெர்ட்டர் ஊட்டும் மின்சாரத்தையும் மின்வாரிய மின்சாரத்தையும் யுபிஎஸ் பிரித்தறியாது. வேறு சிலருக்கு நேர்மாறான தொல்லை: இன்வெர்ட்டர் ஓடும் நேரமெல்லாம் யுபிஎஸ்ஸும் பேட்டரிக்கு மாறிக் கீச்சிட்டுக்கொண்டே இருக்கிறது. அது, மின்வாரிய மின்சாரத்தின் சீரான சைன் அலைக்குப் பதிலாகச் சதுர அலையைத் தரும் இன்வெர்ட்டராக இருக்கும். அந்த அலையைக் கெட்ட மின்சாரம் என்று பல யுபிஎஸ்கள் ஒதுக்கிவிடும். இரு தரப்பினரும் இன்வெர்ட்டர் சேராத லைனிலிருந்து யுபிஎஸ்ஸுக்குத் தனி சாக்கெட் போட்டுக்கொள்வதுதான் நல்லது. சைன் அலை இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் மட்டும், கண்காணிப்பை விட்டுக்கொடுக்கத் தயாரென்றால், இப்போதிருப்பதைப் போலவே ஓட்டலாம்.

கொளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒரு குறிப்பு. விழுக்காடு காரணமின்றி ஏறி இறங்கினால், யுபிஎஸ்ஸை அணைத்து, பிளக்கையும் உருவிவிட்டு, பேட்டரி மூடியைத் திறந்து முனைகளைப் பாருங்கள். உப்புக்காற்றில் அங்கே பச்சையும் வெள்ளையுமாகக் களிம்பு படிந்திருக்கும். உலர்ந்த தூரிகையால் அதைத் தேய்த்து எடுத்து, முனையை இறுக்கமாகப் பொருத்திவிட்டு, நான்காம் படியின் அளவீட்டை மீண்டும் செய்யுங்கள். பேட்டரி மாற்றினாலும் அதே அளவீட்டைத் திரும்பச் செய்ய வேண்டும், ஏனென்றால் பழைய எண் புதுப் பேட்டரிக்குப் பொருந்தாது.